திருப்பலிக்கு எந்தப் பாடல், எந்த இடத்தில்?

கேள்வி சுருக்கமாக இது: பங்கில் பாடகர் குழுப் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்திருக்கிறது. இளைஞர்கள் யூடியூபில் கேட்ட பாடல்களைக் கொண்டுவருகிறார்கள். பெரியவர்கள் "இது சபைப் பாட்டு" என்று, அதாவது கத்தோலிக்கர் அல்லாத சபைகளின் பாட்டு என்று, முகம் சுளிக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் எதைப் பாடலாம், எதைக் கூடாது என்று எப்படி முடிவெடுப்பது?

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். "இது நல்ல பாடலா?" என்பது ஒன்று. "திருப்பலியில் இந்த இடத்துக்கு உரிய பாடலா?" என்பது வேறு. நவநாளிலும் தேர்பவனியிலும் வேளாங்கண்ணி நடைப்பயணத்திலும் நெஞ்சுருகப் பாடும் பாடல் காணிக்கை நேரத்தில் ஒட்டாமல் நிற்கலாம். அதனால் அது மட்டமான பாடல் ஆகிவிடாது, அதன் இடம் வேறு. பாடகர் குழுச் சண்டைகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை.

அடுத்து, வேலையைத் தொடங்கும் இடம். வழக்கமாகச் சனிக்கிழமை மாலை கூடி, வருகை, காணிக்கை, திருவிருந்து, இறுதி என்று நான்கு பாடல்களைக் குறித்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் வாயால் சொல்லப்படும். 1967 மார்ச் 5 அன்று உரோமை வெளியிட்ட 'மூசிக்காம் சாக்ராம்' என்னும் அறிவுரை ஏடு இதைத் தலைகீழாக வைக்கிறது. அது பாடப்பட வேண்டியவற்றை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் குருவின் வாழ்த்தும் மக்களின் பதிலும், குருவின் மன்றாட்டுகள், நற்செய்திக்கு முன்னும் பின்னும் வரும் பதில்கள், நற்கருணை மன்றாட்டைத் தொடங்கிவைக்கும் தொடக்கவுரையின் உரையாடல், 'தூயவர்' பாடல், நற்கருணை மன்றாட்டின் முடிவுப் புகழுரை, ஆண்டவர் கற்பித்த செபம், பிரியாவிடை ஆகியவை வருகின்றன. இரண்டாம் படியில் 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'உன்னதங்களிலே', 'உலகின் பாவங்களைப் போக்கும்', விசுவாச அறிக்கை, பொது மன்றாட்டு. வருகைப் பாடலும் காணிக்கைப் பாடலும் திருவிருந்துப் பாடலும் மூன்றாம் படியில்தான். முதல் படியை மட்டும் பாடி நிறுத்திக்கொள்ளலாம். முதல் படியை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்குத் தாவக் கூடாது என்கிறது அந்த ஏடு. நாம் பெரும்பாலும் மூன்றாம் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டு முதல் படியை மறந்துவிடுகிறோம். எனவே புதுப் பாடல் தேடும் முன் பங்குத்தந்தையிடம் பேசி, தொடக்கவுரை உரையாடலையும் அந்த முடிவுப் புகழுரைக்கான "ஆமென்"-ஐயும் மக்கள் பாடும்படி செய்யுங்கள். அந்தப் புகழுரையைக் குரு மட்டுமே சொல்ல வேண்டும். மக்களுக்கு உரியது ஆமென் மட்டும், அதை வலுவாகப் பாடலாம்.

திருப்பலி அமைப்பிலேயே உள்ள பாடல்களுக்குத் தேர்வு என்பதே கிடையாது. 'உன்னதங்களிலே' பாடலின் வரிகளை மாற்றி வேறு வரிகள் வைக்கக் கூடாது என்று திருப்பலி நூலின் தொடக்கத்தில் அச்சாகியிருக்கும் பொது விதிமுறைகள் (எண் 53) நேரடியாகச் சொல்கின்றன. 'உலகின் பாவங்களைப் போக்கும்' உள்ளிட்ட மற்றவற்றுக்கும் இதே விதி (எண் 366). மெட்டு எதுவும் இருக்கலாம், வரி திருப்பலி நூலில் உள்ளதாக இருக்க வேண்டும். "தூயவர்" என்ற சொல்லை மூன்று முறை வைத்துக்கொண்டு மீதியைக் கவிஞர் தன் விருப்பப்படி எழுதிய பாடல்கள் நிறையப் புழக்கத்தில் உள்ளன. மெட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அவை இந்த இடத்துக்கு ஆகாது. ஒரு குறுந்தகடு வெளியீட்டில் ஆயர் கலந்துகொண்டார் என்பதும் அதிலுள்ள வரிகளுக்கு அனுமதி ஆகாது. பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் ஆயரின் அச்சு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிலுரைப் பாடலில்தான் தவறு அதிகம். முதல் வாசகம் முடிந்ததும் "தியானப் பாடல்" என்று ஏதோ ஒரு மெல்லிய பாடலைப் பாடுவது பல ஊர்களில் பழக்கம். அந்த இடத்தில் வருவது திருப்பாடல். அதுவே இறைவார்த்தை, வாசகத்தின் ஒரு பகுதி. அதற்குப் பதிலாக வேறு பாடல் வைக்க அனுமதி இல்லை (எண் 61). வாரந்தோறும் புது மெட்டுப் போட முடியவில்லை என்றால் வழி எளிது. பல்லவிக்கு எட்டு எண்ணிக்கைக்குள் அடங்கும் ஒரு மெட்டு, அடிகளுக்கு ஒரே சுரத்தில் நின்று கடைசி மூன்று அசைகளில் மட்டும் இறங்கும் ஓதுமுறை. இப்படி ஒன்றை உருவாக்கி, தவக்காலம் போன்ற ஒரு வழிபாட்டுக் காலம் முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அந்தந்தக் காலத்துக்கென்று வாசக நூலில் கொடுத்திருக்கும் பொதுத் திருப்பாடலைப் பாடவும் விதி இடம் தருகிறது. அப்படிச் செய்தால் மக்கள் நாலைந்து வாரம் ஒரே பல்லவியைப் பாடுவார்கள், மூன்றாம் வாரம் புத்தகம் தேவைப்படாது.

அமைதி வாழ்த்தின்போது பாடப்படும் "சமாதானப் பாடல்" உரோமை வழிபாட்டு முறையில் இல்லாத ஒன்று. 2014-இல் உரோமையின் வழிபாட்டுப் பேராயம் அனுப்பிய சுற்றறிக்கை இதைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. காரணம் நடைமுறையிலேயே தெரியும். அந்தப் பாடல் முடியும்வரை மக்கள் கைகுலுக்கிக்கொண்டே இருப்பார்கள், குரு அப்பத்தைப் பிட்கும்போது பாட வேண்டிய 'உலகின் பாவங்களைப் போக்கும்' அவசரத்தில் சொல்லி முடிக்கப்படும். இதே வரிசையில் இன்னொன்று: குரு நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது கீபோர்டில் மெல்ல ஒலிக்கும் பின்னணி. குருவின் மன்றாட்டுகள் ஒலிக்கும்போது இசைக்கருவி எதுவும் பேசக் கூடாது (எண் 32). பக்திச் சூழலுக்காக என்று வாசிப்பவர் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார். கேட்பவர்களுக்கு அது திரைப்படக் காட்சியின் பின்னணி இசையாகவே போய்ச் சேர்கிறது.

இனி உண்மையிலேயே தேர்வு நம் கையில் உள்ள பாடல்கள். இங்கே முதலில் வரிகளைப் பாருங்கள், மெட்டைப் பிறகு. மெட்டை அணைத்துவிட்டு வரிகளை உரக்கப் படியுங்கள். 1963-இல் வெளியான, திருவழிபாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு (எண் 121), பாடல் வரிகள் கத்தோலிக்கப் போதனைக்கு இசைந்தவையாக இருக்க வேண்டும், முதன்மையாக விவிலியத்திலிருந்தும் திருவழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும் என்கிறது. 2020-இல் அமெரிக்க ஆயர்களின் போதனைக் குழு பாடல் வரிகளை ஆராய ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நற்கருணை, மூவொரு கடவுள், கடவுளுக்கும் மனிதருக்கும் உள்ள உறவு, திருச்சபை, யூத மக்கள், மனிதர் பற்றிய பார்வை என ஆறு இடங்களில் பிழை வரும் என்று அது பட்டியலிடுகிறது. எழுதப்பட்டது ஆங்கிலப் பாடல்களைப் பார்த்துத்தான். ஆனால் தமிழ்ப் பாடல்களிலும் ஓட்டை விழுவது அதே இடங்களில்தான். கீழே காட்டும் வரிகள் விளக்கத்துக்காக அமைத்தவை.

நற்கருணை: "உம் நினைவாய் இந்த அப்பத்தைப் பகிர்கிறோம், தோழமை வளர்க்கிறோம்" என்ற அளவில் மூன்று சரணமும் முடிந்துவிட்டால், அங்கே ஆண்டவரின் உடலும் இரத்தமும் பற்றிய பேச்சே இல்லை. இதற்காக "அப்பம்" என்ற சொல்லையே தடைசெய்ய வேண்டாம். யோவான் 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே தம்மை விண்ணகத்திலிருந்து வந்த உணவு என்கிறார், பவுலும் அப்பத்தை உண்பது பற்றிப் பேசுகிறார். "அப்ப வடிவில்", "அப்பத்தில் மறைந்து" என்ற கவிதை வழக்கும் பழுதில்லை. புனித தாமஸ் அக்குவினாவும் மறைந்திருக்கும் இறைமை என்றே பாடினார். ஒரு வரியைப் பிடித்துத் தொங்காமல் முழுப் பாடலைப் பாருங்கள். அதோடு உங்கள் பங்கில் வருடம் முழுவதும் பாடும் திருவிருந்துப் பாடல்கள் அத்தனையையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பத்தில் எட்டு "பகிர்வு" பற்றியே பேசினால், தனித்தனியாக ஒவ்வொன்றும் சரி, சேர்ந்து பார்த்தால் சரியில்லை.

மூவொரு கடவுள்: "தந்தையே, எனக்காகச் சிலுவையில் உயிர் தந்தீர்" போன்ற வரிகள் கவனக்குறைவால் வருபவை. சிலுவையில் இறந்தவர் மகன். "இயேசப்பா" என்ற விளி வீட்டுச் செபத்தில் குழந்தையின் வாயில் இனிக்கலாம். திருப்பலியில் மன்றாட்டுகள் பெரும்பாலும் மகன் வழியாகத் தந்தையை நோக்கிப் போகின்றன. பாடலில் இருவரும் ஒருவராகிவிட்டால் அந்த அமைப்பே மங்கிவிடும்.

மரியா: அந்த ஆறில் இல்லாத, ஆனால் நமக்குத் தேவையான ஓர் இடம். வணக்கம் எல்லை மீறுகிறதா என்று சோதிக்கத் தமிழில் வசதியான சொற்களே இருக்கின்றன. ஆராதனை கடவுளுக்கு மட்டும், வணக்கம் புனிதர்களுக்கு, மேலான வணக்கம் அன்னைக்கு. "தாயே உம்மை ஆராதிக்கிறோம்", "பாவங்களை மன்னிக்கும் மாதாவே" என்று வந்தால் பாடலை ஒதுக்கிவிடுங்கள். "எமக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடிந்தால் கவலையில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் "வரம் தாரும் தாயே" போன்ற வரிகளை நாட்டு வழக்கின் உரிமையாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் அவை நவநாளுக்கு, திருவிருந்துக்கு அல்ல. திருவிருந்து நேரத்தில் மாதா பாடல் பாடுவது, மாதா திருவிழாவிலும்கூட, உண்ணும் உணவைப் பற்றிப் பேசாமல் அடுத்தவரைப் பற்றிப் பேசுவது போலத்தான்.

யூத மக்கள்: பாடுகளின் பழைய ஒப்பாரிப் பாடல்களில் "யூதர் கொன்றனர்" என்று ஓர் இனத்தையே குற்றவாளியாக்கும் அடிகள் உண்டு. 1965 அக்டோபர் 28 அன்று வெளியான அதே சங்கத்தின் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' ஏடு, ஆண்டவரின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார் மீதும் இன்றைய யூதர் மீதும் சுமத்தக் கூடாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. அந்தச் சரணத்தை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாடலாம், பெரும்பாலும் மெட்டும் மற்ற சரணங்களும் காப்பாற்ற வேண்டியவையே.

திருச்சபையும் சமூகமும்: "புது உலகம் நாம் படைப்போம், விலங்குகளை நாம் உடைப்போம்" வகைப் பாடல்கள். நீதி பேசுவது பிழையில்லை, மரியாவின் பாடலே வலியோரை அரியணையிலிருந்து இறக்குகிறது. ஆனால் அதில் செய்பவர் கடவுள். நம் பாடலில் எல்லா வினைக்கும் எழுவாய் "நாம்" ஆகிப்போய், ஒரு சொல்கூட மாற்றாமல் தொழிற்சங்கக் கூட்டத்திலும் பாடலாம் என்ற நிலை வந்தால் அது வழிபாட்டுப் பாடல் அல்ல. இதன் மறுமுனை, "கடன் தீரும், தடை உடையும், கோடி ஆசீர் வரும்" என்னும் செழிப்புப் பாடல்கள். சிலுவைக்கு அதில் இடமே இருக்காது.

"சபைப் பாட்டு" என்ற முகச்சுளிப்புக்கு வருவோம். எழுதியவர் எந்தச் சபை என்பது அளவுகோல் அல்ல, வரிகள்தாம் அளவுகோல். "கர்த்தர்", "தேவன்" என்ற சொற்கள் போதனைப் பிழை இல்லை. நம் வழிபாட்டு மொழி "ஆண்டவர்", "இறைவன்" என்று இருப்பதால் ஒட்டாமல் ஒலிக்கின்றன, அவ்வளவே. "யாவே", "யெகோவா" என்று கடவுளின் பெயரை உச்சரிக்கும் பாடல்கள் மட்டும் வேறு கணக்கு. 2008 ஜூன் 29 தேதியிட்ட உரோமைக் கடிதம் அந்தப் பெயரை வழிபாட்டில் சொல்லவோ பாடவோ வேண்டாம் என்கிறது. யூத மரபிலும் தொடக்கத் திருச்சபையிலும் அதை உச்சரிக்காமல் "ஆண்டவர்" என்றே சொன்னார்கள் என்பது காரணம். அதே நியாயப்படி, "சர்வேசுரன்", "சேசு", "இஸ்பிரீத்து சாந்து" (இறைவன், இயேசு, தூய ஆவி) என்று வரும் நம் பழைய பாடல்களைப் பழசு என்பதற்காகத் தள்ளவும் கூடாது. முன்வரிசைப் பாட்டிமார்களுக்குப் புத்தகம் இல்லாமல் வரும் பாடல்கள் அவைதாம்.

"நான்" என்று வரும் பாடல் எல்லாம் தனிப்பட்ட பக்தி, "நாம்" என்று வந்தால்தான் வழிபாடு என்று ஒரு எளிய விதி சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், திருப்பாடல்களில் பாதி "நான்" என்றே பேசுகின்றன.

வரி சரி என்றால் தமிழையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். "நீர் வந்தாய்" என்று ஒரே அடியில் மரியாதை மாறும் பாடல்கள் ஏராளம். "நீ" என்று கடவுளை அழைப்பது தமிழ்ப் பக்தி மரபில் இயல்புதான், ஆனால் தொடங்கியதைக் கடைசிவரை வைத்திருக்க வேண்டும். வேற்றுமொழி மெட்டுக்குத் தமிழ் வரி கோத்தால் குறில் நெடிலாகும். "மனம் தந்தேன்" என்பது "மானம் தந்தேன்" ஆகும், "வரம் தாரும்" என்பது "வாரம் தாரும்" ஆகும். "உம்மை மறவேன்" என்பதில் "உம்மை மற" என்று நீட்டி நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு "வேன்" என்று முடித்தால் பொருள் தலைகீழ். ஒத்திகையில் யாரும் கவனிக்க மாட்டார்கள், அவர்களுக்கு வரி மனப்பாடம். பாடலைக் கேட்டிராத ஒருவரைக் கோயிலின் கடைசி வரிசையில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள்.

மெட்டில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, எட்டும் உயரம். பெண் குரல் கணக்கில் கீபோர்டின் நடு சி-க்குக் கீழுள்ள ஏ முதல் மேல் ஸ்தாயி டி வரை மக்களுக்குப் போதும், அந்த மேல் டி-யும் தொட்டுவிட்டு வருவதாக இருக்கட்டும், நின்று நீட்டுவதாக வேண்டாம். பாடகி ஒருத்திக்கு ஐந்தரைக் கட்டை வசதி என்பதற்காக அதிலேயே தொடங்கினால் ஆண்கள் பாதியில் வாய் மூடிக்கொள்வார்கள். காலை ஆறு மணித் திருப்பலிக்கு இன்னும் ஒரு கட்டை இறக்குங்கள். இரண்டு, பிர்காவும் கமகமும், அதாவது குரலின் உருட்டலும் அசைவும். தனிப் பாடகருக்காக எழுதிய சங்கதிகளை மக்கள் பாட மாட்டார்கள், கேட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்று, நினைவு. திரைப்பட மெட்டில் பாடினால் கேட்பவர் மனத்தில் ஓடுவது அந்தக் காட்சி, நீங்கள் மாற்றி எழுதிய வரி அல்ல. நாட்டுப்புற மெட்டும் கருநாடக இராகமும் அப்படியல்ல. மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தர வேண்டும் என்று சங்க ஏடே (எண் 119) சொல்கிறது. பதிவுசெய்த ட்ராக் போட்டுப் பாடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல்: குரு பீடத்துக்கு வந்து நின்றுவிட்டார், ட்ராக்கில் இன்னும் ஒன்றரை நிமிடம் இடையிசை பாக்கி.

நேரக் கணக்கும் தேர்வின் பகுதிதான். வருகைப் பாடல் பவனியோடு முடிய வேண்டும், தூபம் உண்டென்றால் ஒரு சரணம் கூட. திருவிருந்துப் பாடல் குரு நற்கருணை உட்கொள்ளும்போதே தொடங்க வேண்டும், அவர் படி இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முந்நூறு பேர், மூவர் வழங்குகிறார்கள், ஆளுக்கு ஐந்து நொடி என்றால் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நான்கு நிமிடப் பாடல் போதாது. அதனால் பல்லவி சிறியதாகவும் சரணம் அதிகமாகவும் உள்ள பாடலே இங்கே உதவும், வரிசையில் நடப்பவர் கையில் புத்தகம் இருக்காது. சரணத்தைக் குழு பாடட்டும், பல்லவியை மக்கள் பாடட்டும். அதன்பின் நன்றிப் பாடல் கட்டாயம் இல்லை. அமைதி காக்கலாம், அல்லது மக்கள் எல்லாரும் சேர்ந்து பாடலாம். தனிப்பாடல் கச்சேரிக்கான இடம் அது இல்லை.

ஒரு ஞாயிறை எடுத்துப் பார்த்தால் வரிசை விளங்கும். தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் முதல் ஆண்டு. பாட்டுப் புத்தகத்தைத் திறக்கும் முன் திருப்பலி நூலில் அன்றைய வருகைப் பல்லவியைப் பாருங்கள்: கண்கள் எப்போதும் ஆண்டவரை நோக்கியிருக்கின்றன என்னும் திருப்பாடல் 25. இதே கருத்தில் மக்களுக்குத் தெரிந்த பாடல் ஒன்று வருகைக்கு. 'உன்னதங்களிலே' கிடையாது, 'ஆண்டவரே இரக்கமாயிரும்' பாடப்படட்டும். வாசகம் விடுதலைப் பயணம் 17, பாறையிலிருந்து தண்ணீர். பதிலுரை திருப்பாடல் 95. நற்செய்திக்கு முன் அல்லேலூயா இல்லாத வாழ்த்தொலி. காணிக்கைப் பாடல் அப்பமும் இரசமும் பற்றியே இருக்க வேண்டும் என்பதில்லை, மனமாற்றம் பற்றியதும் பொருந்தும். நற்செய்தி சமாரியப் பெண். திருவிருந்துப் பல்லவியும் அதே யோவான் 4-இலிருந்து, நான் தரும் தண்ணீர் அதைக் குடிப்பவருக்குள் நிலைவாழ்வு அளிக்கப் பொங்கி எழும் ஊற்றாகும் என்பது. எனவே தாகம், உயிருள்ள நீர் பற்றிய பாடலைத் திருவிருந்துக்கு வையுங்கள். இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டும், தனி வாசிப்பு வேண்டாம். நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. இதில் அடிக்கடி நழுவுவது ஒன்று: பாடலின் மூன்றாம் சரணத்தில் ஒளிந்திருக்கும் "அல்லேலூயா". சாம்பல் புதன் முதல் பாஸ்கா திருவிழிப்புவரை, மார்ச் 19 யோசேப்பு பெருவிழாவிலும் மார்ச் 25 மங்கள வார்த்தைப் பெருவிழாவிலும்கூட, அந்தச் சொல் வரக் கூடாது. அன்று 'உன்னதங்களிலே' மட்டும் உண்டு.

திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் வீட்டார் பாடல் பட்டியலோடு வருவார்கள். திருமணத்தில் தம்பதியைப் புகழும் பாடலை வரவேற்புக்கு அனுப்பிவிடலாம். அடக்கத்தில் கவனம் வேண்டியது வேறு. "நீ விண்ணகம் சேர்ந்துவிட்டாய், இனி எமக்காக மன்றாடு" என்று இறந்தவரைப் புனிதராக்கும் பாடல் அங்கே பொருந்தாது. அந்தத் திருப்பலியே அவருக்காக மன்றாடத்தான் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. துக்க வீட்டில் இதை விவாதமாக்க வேண்டாம். பொருத்தமான ஆறேழு பாடல்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிப் பங்குத்தந்தையின் ஒப்புதலோடு வைத்திருந்து, "இவற்றில் எது வேண்டும்?" என்று கேளுங்கள்.

ஞாயிறுக்கும் அப்படியே. ஐம்பது பாடல்கள் கொண்ட ஒரு பங்குப் பட்டியல் போதும். அதில் ஆண்டுக்கு நான்கு புதியவற்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். புதியதை நான்கு வாரம் தொடர்ந்து பாடுங்கள், முதல் ஞாயிறு திருப்பலிக்கு முன் ஐந்து நிமிடம் பல்லவியை மட்டும் சொல்லிக்கொடுங்கள். இளைஞர்கள் கொண்டுவரும் பாடலை "வேண்டாம்" என்று தள்ளாமல், வரிகளைத் தாளில் எழுதிவரச் சொல்லி எந்த இடத்துக்கு என்று அவர்களையே கேளுங்கள்.

ஐயம் தீராத வரி இருந்தால் பங்குத்தந்தை வழியாக மறைமாவட்டத் திருவழிபாட்டுப் பணிக்குழுவுக்கு அனுப்புங்கள். பாடலின் பெயரை மட்டும் அனுப்பினால் பதில் கிடைக்காது. முழு வரிகளையும், திருப்பலியின் எந்த இடத்துக்கு என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.